சருகு நடை

சீடருக்கு அறுபத்தோரு வயது. குருவுக்கு நாற்பத்திரண்டு. இதில் கூச்சப்பட வேண்டியவர் யார் என்று இருவருமே யோசித்ததில்லை.

சீடரின் பெயர் மாசானம். குறிஞ்சாம்பாறை ஊரின் கடைசி வேட்டைக்காரர். குரு உலகம்மை. ஊருக்கு மேலே, காட்டு வழியில் ஒன்றரை மைல் ஏறினால் வரும் சின்ன மடத்தைப் பார்த்துக்கொள்பவர். இரண்டு வருடத்துக்கு முன் மடத்துக் கிழங்குத் தோட்டத்தைப் பன்றி கிண்டிப் போட்டது. அதைக் கேள்விப்பட்டு மாசானம் ஓடி வந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க தாயி. சுட்டுத் தள்ளிருதேன்."

"பன்றிக்கும் சேர்த்துத்தான் நட்டேன் அண்ணாச்சி" என்றார் உலகம்மை.

இது என்ன நியாயம் என்று வாதாட உட்கார்ந்தார் மாசானம். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. மறுநாள் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஊர் அதற்குச் சீடர் என்று பேர் வைத்துவிட்டது.

குறிஞ்சாம்பாறைக்காரர்களின் பெருமையெல்லாம் அவர்கள் காலில் இருந்தது. காய்ந்த சருகின்மேல் சத்தமில்லாமல் நடப்பார்கள். சருகு நடை என்று அதற்குப் பெயர். அந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்க வந்தால் படிப்பை அப்புறம்தான் கேட்பார்கள். முதலில் முற்றத்தில் தேக்குச் சருகைக் கொட்டி வைப்பார்கள். பெண்ணின் அத்தைமார் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை சருகின்மேல் நடந்து வந்து அவர்களின் பின்னால் நிற்க வேண்டும். சத்தம் கேட்டால் அத்தைமார் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். மாப்பிள்ளைக்குக் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கேட்காவிட்டால் பாயசத்தோடு சாப்பாடு. மாசானம் தன் காலத்தில் அத்தைமாரின் பின்னால் போய் நின்று, அவர்கள் தன்னைப் பற்றிப் பேசிய புறணி முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் செருமினார் என்று இன்றும் சொல்வார்கள்.

முப்பது வருடத்துக்கு முன் வேட்டையாடக் கூடாது என்ற சட்டம் ஊர் வரைக்கும் வந்தது. துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம் என்று ஊரே சத்தியம் செய்யும். மாசானம் வீட்டுப் பரணில் ஒன்று இருப்பதும் ஊருக்கே தெரியும். வேட்டை நின்றது. நடை மட்டும் நிற்கவில்லை.

மெல்ல மெல்லக் காட்டில் மான் பெருகியது. மானுக்குப் பின்னால் புலியும் வந்தது. சிறுத்தையைத்தான் அந்த ஊரில் புலி என்பார்கள். அது ஒரே வருடத்தில், மடத்து வழியில் உள்ள குடைப்பாறைப் பக்கம் மூன்று பேரை அறைந்துவிட்டது. மூன்று பேருமே குறிஞ்சாம்பாறைக்காரர்கள், மூன்று பேருமே பேர்போன நடைக்காரர்கள். மூன்றாவது ஆள் மாசானத்தின் மகன் தளவாய். தினமும் அந்த வழியில் போகிற மாசானம் மட்டும் எப்படியோ அதன் எதிரில் படவில்லை.

கீழேயிருந்து பாத்திரம் விற்க வருகிறவன் அதே வழியில்தான் மடத்துக்கும் போகிறான். மடத்துக்கு வரும் பக்தர்கள் செல்போனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு அதே பாறையைக் கடந்துதான் போகிறார்கள். அவர்கள்மேல் ஒரு கீறல் இல்லை.

ஊர் கூடி உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. நம் பாட்டன்மார் சுட்டதைப் புலி மறக்கவில்லை. வெளியூர்க்காரனை அது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நம்மைத்தான் ஆள் பார்த்து, இனம் பார்த்து அடிக்கிறது. இதைப் பேசும்போது அடிபட்ட மூவரும் கட்டுப்போட்ட இடத்தைத் தடவிக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் காயத்திலும் ஒரு பெருமையைக் கண்டுபிடித்துவிடுகிற ஊர் அது.

ஊர்த்தலைவர் சங்கிலி எழுந்தார்.

"வே மாசானம். கோயில் கொடையில முதல் பரிவட்டம் உம்ம வீட்டுக்குத்தான் கட்டுதோம். என்னத்துக்கு? வேட்டைக்கார வீடுன்னு. பெத்த மகனை அடிச்ச புலி காட்டுல உலாத்துது. நீரு மடத்துல உளுந்து புடைச்சுக்கிட்டு இருக்கீரு."

யாரோ சிரித்தார்கள்.

"கொடைக்கு முன்னால புலித்தோல் வரணும். வரலைன்னா பரிவட்டம் வேற வீட்டுக்குப் போகும்."

மாசானத்தின் பாட்டனுக்குக் கட்டிய பரிவட்டம் அது. அப்பனுக்குக் கட்டியது. முப்பது வருடமாக ஒரு முயலைக்கூடச் சுடாத மாசானத்துக்கும், பழைய மரியாதைக்காக வருடம் தவறாமல் கட்டி வந்தார்கள். தலையில் அந்தத் துணி ஏறும் நேரத்தில்தான் அவர் முழு மனிதராகத் தன்னை உணர்வார். மற்ற நாளெல்லாம் பழைய பேரில் பொழுதை ஓட்டுகிற கிழவன் என்றே அவருக்குத் தோன்றும்.

அவர் எழுந்து மடத்துக்குப் போனார்.

உலகம்மை முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். உண்மையாகவே உளுந்துதான் புடைத்துக்கொண்டிருந்தார். தற்செயலாகத் திரும்பியபோது மூன்று அடி தள்ளி மாசானம் நின்றார். முறம் நழுவி உளுந்து சிதறியது.

"எப்ப வந்தீங்க அண்ணாச்சி?"

"வந்து ரொம்ப நேரமாச்சு தாயி." அதைச் சொல்வதில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. எவ்வளவு துக்கத்திலும் அது குறையாது.

இருவரும் குனிந்து உளுந்தைப் பொறுக்கினார்கள்.

"விடை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

"எதுக்கு?"

"புலியைச் சுட."

"தளவாய் கை எப்படி இருக்கு?"

"தையல் பிரிச்சாச்சு. ரெண்டு விரல் மடங்கலை."

"அவன் என்ன சொல்லுதான்?"

"எங்க அப்பா வேலாண்டியோட பேரன்னு தெரிஞ்சுதான் அடிச்சுதாம். கண்ணுல அந்தப் பகை தெரிஞ்சுதுங்கான்."

"புலி அவன்கிட்ட அப்படிச் சொல்லுச்சா?"

மாசானம் கையில் இருந்த உளுந்தை முறத்தில் போட்டார்.

"நான் வேண்டாம்னா நிறுத்திருவீங்களா?"

"மாட்டேன். ஆனா மனசு உறுத்தும்."

"போயிட்டு வாங்கன்னா?"

"அப்பவும் உறுத்தும்."

"பிறகு என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?"

"கேக்காமப் போனா அதைவிட உறுத்தும் தாயி."

உலகம்மை முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கொடைக்கு எத்தனை நாள் இருக்கு?"

"பத்து."

"அதுல மூணு நாள் எனக்குக் கொடுங்க. எனக்குச் சருகு நடை சொல்லிக் கொடுங்க."

"உங்களுக்கா?"

"புலியைச் சுட்டா உங்களைப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க. அதுக்குப் பிறகு யார் எனக்குச் சொல்லித் தருவா?"

மாசானத்துக்கு வந்த சோகம் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது. இரண்டு வருடமாக இந்த அம்மாவிடம் ஒரு வாதத்தில்கூட அவர் ஜெயித்ததில்லை. இப்போது அவரே கைகட்டி நின்று கேட்கிறார். மாசானம் அப்போதே போய்த் தேக்குச் சருகை அள்ளி வந்து முற்றம் முழுக்கக் கொட்டினார்.

"குதிகாலை வைக்காதீங்க. விரலோட வெளி ஓரம் முதல்ல படணும். சருகை மிதிக்கக் கூடாது தாயி, சருகுக்கு அடியில காலை நுழைக்கணும். மூச்சை மூக்கால இழுக்காதீங்க. வாயைத் திறந்து விடுங்க."

முதல் நாள் உலகம்மை நடந்தபோதெல்லாம் மடத்து மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாம் நாள் பாதி முற்றம் தாண்டினார். மாசானம் ஒரு வாத்தியாருக்குரிய எல்லாக் கடுமையையும் காட்டினார். "அவசரம். உங்களுக்கு எப்பவும் அவசரம்" என்று குருவைப் பார்த்துச் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் வீணாக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாசானம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். காற்று கேட்டது. மாடு அசை போடுவது கேட்டது. தோளில் ஒரு விரல் தொட்டது.

மாசானம் துள்ளிவிட்டார். பிறகு கண் கலங்கிவிட்டது.

"நீங்க எங்க ஊர்ல பிறந்திருக்கணும் தாயி."

"நல்லா வந்துட்டா?"

"எங்க அப்பா இருந்தா உங்களுக்குப் பாயசம் போட்டிருப்பாரு."

மறுநாள் உச்சி வேளை. மாசானம் வீட்டுக் கொல்லையில் பரண் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். தளவாய் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அடுக்களையில் தளவாயின் மனைவி இசக்கி உளுந்தங்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் தூளியில் ஐந்து மாதக் குழந்தை தூங்கியது.

இசக்கி உப்பு எடுக்கத் திரும்பினாள். தனக்கும் தூளிக்கும் நடுவில் ஓர் உருவம் நிற்பதைக் கண்டாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. கொதிக்கிற கஞ்சியோடு கையில் இருந்த இரும்புக் கரண்டியை ஓங்கி வீசிவிட்டாள்.

அலறல் கேட்டு மாசானம் துப்பாக்கி துடைக்கிற கம்பியோடு ஓடி வந்தார். உலகம்மை முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கஞ்சி பட்ட இடம் சிவந்து தோல் வழன்றிருந்தது. இசக்கி குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பாவி! கண்ணு அவிஞ்சா போச்சு? யாரை அடிச்சிருக்க தெரியுமா?" என்று மாசானம் கத்தினார்.

"அவளை ஏசாதீங்க" என்றார் உலகம்மை.

இசக்கிக்கு அப்போதுதான் ஆள் யாரென்று புரிந்தது. அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. குருவையே நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு குரல் கொடுத்தா என்னம்மா? வாசல்ல நின்னு நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓடி வந்து பாய் விரிச்சிருப்பேனே. பச்சப்பிள்ளை தூங்குது. திரும்புனா பக்கத்துல யாரோ நிக்குது. நான் என்னத்தைக் கண்டேன்?"

"நீ செஞ்சது சரிதான்மா" என்றார் உலகம்மை.

இசக்கி குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிவிட்டு, கொல்லைக்கு ஓடிக் கற்றாழையை ஒடித்து வந்து, அழுதுகொண்டே அவர் கையில் தடவினாள். மாசானம் என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, என் மேல இவளுக்கு ஏதும் பழைய பகை உண்டா?"

"என்ன பேச்சு தாயி இது?"

"நான் யாருன்னு அடையாளம் கண்டு அடிச்சாளா?"

"இல்ல தாயி."

"இனிமே இந்த வீட்டுக்கு வாரவங்களை எல்லாம் அடிப்பாளா?"

"சத்தியமா மாட்டா. தங்கமான பிள்ளை."

உலகம்மை இசக்கியிடம் திரும்பினார். "என் நடை எப்படிம்மா இருந்துச்சு? சத்தம் கேட்டுச்சா?"

"ஒரு பொட்டுச் சத்தம் கேக்கலை."

"நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க அண்ணாச்சி."

தூளிக் கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மாசானம் அதையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் உலகம்மை. "வேட்டைக்குப் போறவன் சத்தமில்லாம நடந்தா அவன் வேட்டைக்காரன். வேட்டைக்கே போகாதவன் ஒரு வீட்டுக்குள்ள சத்தமில்லாம நுழைஞ்சா, உங்க ஊர்ல அவனுக்கு என்ன பேரு?"

கற்றாழை தடவிக்கொண்டிருந்த இசக்கி நிமிராமலே சொன்னாள்.

"களவாணி."

உலகம்மை எழுந்தார். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்து போனார்.

மாசானத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. களவாணியா? வேட்டைக்காரப் பரமனின் பேரனா களவாணி? இரண்டு நாள் மடத்துப் பக்கமே போகவில்லை. இசக்கியோடும் பேசவில்லை. சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தார். முப்பது வருடமாக அந்தக் காட்டில் தான் நடந்த ஒவ்வொரு நடையையும் நினைத்துப் பார்த்தார். எதற்கு அப்படி நடந்தோம், யாரைப் பிடிக்க நடந்தோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் கிடைக்காத கோபம் இன்னும் கூடியது.

மூன்றாம் நாள் காலையில் சங்கிலி வந்து வாசலில் நின்றார்.

"நாள் நெருங்குது வே. போவோமா? நானும் கூட வாரேன். சுட்டதுக்கு ஒரு சாட்சி வேணும்ல?"

சுடுவாரோ மாட்டாரோ என்ற சந்தேகத்தில் வந்திருக்கிறார் என்று மாசானத்துக்குப் புரிந்தது.

"போவோம்" என்றார். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஊர் எல்லையில் ஓர் ஆலமரம் உண்டு. காட்டுக்குள் போகிற குறிஞ்சாம்பாறைக்காரன் செருப்பை அங்கே கழற்றி வைத்துவிட்டுத்தான் போவான். சங்கிலி கழற்றினார். மாசானம் தோல் செருப்போடு நின்றார்.

"செருப்பைக் கழத்தும் வே."

"கழத்த மாட்டேன்."

"என்ன?"

மாசானம் தொண்டையைச் செருமினார். காட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"குறிஞ்சாம்பாறை பரமன் பேரன், வேலாண்டி மகன், மாசானம் வாரேன்!"

குரல் பாதியில் உடைந்தது. அறுபத்தோரு வயதில் காட்டுக்குள் அவர் சத்தம் போடுவது அதுதான் முதல் தடவை. சங்கிலி கையில் எடுத்த செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? புலி ஓடிரும் வே!"

மாசானம் நடந்தார். செருப்பு சருகை நொறுக்கியது. நூறு அடிக்கு ஒரு தடவை நின்று சொன்னார். இரண்டாம் தடவை குரல் உடையவில்லை. மூன்றாம் தடவை பாட்டன் ஒரே நாளில் பதினேழு பன்றி சாய்த்ததையும் சேர்த்துக்கொண்டார். உண்மையில் அது ஏழு. ஊருக்குள் அரசர் வரும்போது முன்னால் ஒருவன் கட்டியம் சொல்லிப் போவானே, அந்தக் கட்டியக்காரனும் அவரே, அரசரும் அவரே. நடக்க நடக்க அவர் முதுகு நேரானது. பின்னால் வந்த சங்கிலி, யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்.

குடைப்பாறை தெரிந்தது. தளவாய் அடிபட்ட இடம் அதுதான்.

"குறிஞ்சாம்பாறை பரமன் பேரன், வேலாண்டி மகன், மாசானம் வாரேன்!"

பாறையின்மேல் புலி படுத்திருந்தது. அறுபது அடி இருக்கும். தலையைத் தூக்கி மாசானத்தைப் பார்த்தது. மாசானமும் பார்த்தார். வெயிலில் அதன் தோல் மின்னியது. வேட்டைக் காலத்தில்கூட இவ்வளவு நேரம் ஒரு புலியை அவர் உயிரோடு பார்த்ததில்லை. என்ன அழகு என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவர் வெட்கப்படவில்லை.

புலி முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. எழுந்தது. பாறை இடுக்கைப் பார்த்து மெல்லிதாக ஒரு குரல் கொடுத்தது. இடுக்கிலிருந்து இரண்டு குட்டிகள் குதித்து வெளியே வந்தன.

"சுடும் வே" என்று சங்கிலி கிசுகிசுத்தார். "சுடும். இப்பச் சுடும்."

துப்பாக்கி தோளைவிட்டு இறங்கவில்லை. புலி பாறையின் ஓரமாக இறங்கி, புல்லுக்குள் நடந்தது. குட்டிகள் பின்னால் போயின. கடைசிக் குட்டி ஒரு தடவை நின்று இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடி மறைந்தது. அது போகிற வரைக்கும் மாசானம் அசையாமல் நின்றார். பிறகு பாறையைக் கடந்து, செருப்புச் சத்தத்தோடு மேலே போனார்.

"பரிவட்டம் போச்சு வே உமக்கு!" என்று பின்னாலிருந்து கத்தினார் சங்கிலி.

கத்திய கையோடு, தான் தனியாக நிற்பது அவருக்கு உறைத்தது. ஓட்டமும் நடையுமாக மாசானத்தின் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டார்.

சொன்னபடியே நடந்தது. கொடையில் முதல் பரிவட்டத்தைச் சங்கிலி, வேறு யாரும் பொருத்தமாக இல்லை என்று வருத்தத்தோடு சொல்லி, தன் தலையிலேயே கட்டிக்கொண்டார். மாசானம் கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்று பார்த்தார். நெஞ்சு எரிந்தது. கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் முழுவதையும் பார்த்தார்.

ஆனால் அதற்குள் ஊரில் வேறொன்று நடக்கத் தொடங்கியிருந்தது. விறகுக்குப் போன இசக்கி ஆலமரத்தடியில் நின்று தன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். கூடப் போன பெண்களும் சொன்னார்கள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று வாழ்நாள் முழுக்க இருந்த ஒரு கிழவி, "தங்கையா அப்பாவோட வீட்டுக்காரி வாரேன்" என்று மகன் பெயரை வைத்துச் சுற்றி வளைத்துக் கூவினாள். சங்கிலிகூட முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கம்மிய குரலில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் காட்டில் கால் வைத்தார் என்று கேள்வி.

கொடை முடிந்த மறுநாள் மத்தியானம் மாசானம் மடத்துக்கு ஏறினார். அவர் பெயர் அவருக்கு முன்னால் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உலகம்மை எழுந்து பாயை விரித்தார். செம்பில் மோர் ஊற்றி வைத்தார்.

மாசானம் வந்து உட்கார்ந்தார். மோரைத் தொடவில்லை.

"கை எப்படி இருக்கு தாயி?"

"ஆறிட்டு."

"பரிவட்டம் போச்சு."

"கேள்விப்பட்டேன்."

"வலிக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்." பாயின் ஓரக் கோரையை நிமிண்டினார். "ஆனா அதைவிட ஒண்ணு வலிக்கு."

"சொல்லுங்க."

"எங்க அப்பா காட்டுல கால் வச்சாப் போதும். வாடை பட்ட உடனே புலி ஓடும். பாறைக்குப் பாறை தாவி ஓடுறதை நானே பாத்திருக்கேன். என்னைக் கண்டு ஓடலை தாயி. படுத்துக்கிட்டே பாத்துச்சு. சோம்பல் முறிச்சுது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கிட்டு நிதானமா நடந்து போச்சு." அவர் குரல் இறங்கியது. "அப்பாவுக்கு முன்னால நான் ஒண்ணுமில்லாமப் போயிட்டேன், இல்லையா?"

"பட்டாசு வெடிச்சா புலி என்ன செய்யும் அண்ணாச்சி?"

"ஓடும்."

"காட்டுல தீப் பிடிச்சா?"

"ஓடும்."

உலகம்மை மோர்ச் செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அதெல்லாம் யாரு என்னன்னு கேக்காம ஓடுனது. இது உங்க பாட்டன் பேரு, அப்பா பேரு, உங்க பேரு மூணையும் இருந்து கேட்டுட்டு, எந்திரிச்சு வழி விட்டிருக்கு."